சீமோன் வாங்கப் போன தோட்டா

கனடாவின் அஜக்ஸில் வீடு வாங்கிய இரண்டாம் மாதமே, சீமோனின் அயலில் ஒரு தமிழ் வீட்டுக் கதவை உடைத்துக் கள்ளர் தாலிக்கொடியோடு போய்விட்டார்கள். தொண்ணூற்று நாலாம் ஆண்டு அது. அன்று தொடக்கம் சீமோனுக்கு எந்தக் காலடியும், முன்பு இலங்கையில், ஊரில் தம்பியைத் தேடி வந்தவர்களின் காலடியாகவே கேட்டது. தம்பியை வாசலில் வைத்தே சுட்டார்கள். வெடி துளைக்காத கல்லுச் சுவருக்கு உள்பக்கம், செபமாலையைக் கடித்தபடி கிடந்த சீமோன் தப்பினார். ஆண்டவர் காத்தார் என்பார். ஏன் என்னை மட்டும் என்று கேட்க அவருக்குப் பயம்.

முறைப்படி அனுமதிப் பத்திரம் எடுத்து, வேலைத்தலத்துக் கிழவர் ஒருவரின் பழைய இரட்டைக்குழல் துவக்கை வாங்கினார். தோட்டா வாங்க, மான்வேட்டைக்குப் போய்ப் பழகிய, ஆங்கிலமும் தெரிந்த கூட்டாளி யோசப்பைக் கூட்டிக்கொண்டு துவக்கோடு கடைக்குப் போனார்.

கடைக்கார வெள்ளையர் குழலை அளந்தார். இது பழசு, இப்போதைய நீளத் தோட்டாவைப் போட்டால் குழலே வெடிக்கும் என்று சொல்லி, கட்டைத் தோட்டாப் பெட்டிகள் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் பெரிய ஈயச் சன்னம். மற்றதில் கடுகு போலச் சின்னன்.

"பெரிசைத் தரச் சொல்லு," என்றார் சீமோன்.

"ஏனண்ணை, வீட்டுக்கு யானையே வருது?" யோசப் சிரித்தான். கடைக்காரர் ஏதோ கேட்டார். "நீங்கள் சுடுற பக்கம், பின்னால என்ன இருக்கெண்டு கேக்கிறார்."

"சுவர்தானே. வேறென்ன?"

"இங்கத்தைய சுவரோ? அது வெறும் மட்டையண்ணை. ரெண்டு மூண்டு சுவரையும் துளைச்சுக்கொண்டு போகுமாம்."

"அப்ப சின்னனைத் தரட்டும்."

"கிட்ட நிண்டு சுட்டா அதுவும் போகுமாம். அங்கால ஆர் படுக்கிறது?"

  அங்கால சீமோனின் மகள் ஜெசிந்தாவின் கட்டில், தலைமாடு சுவரோடு. கனடா வந்து ஏழு வருசமாகியும் சுவர் என்றால் அவர் மனதில் கல்லுத்தான். வாசலில் நின்று சுட்டவர்களின் இடத்தில் தன்னையே கண்டார்.

பெட்டிகளை மெல்லத் தள்ளினார். "துவக்கையும் இவர் எடுப்பாரோ எண்டு கேள்."

"என்ன விசர்க்கதை அண்ணை! கள்ளன் வந்தா?"

"வந்தா என்னை மிதிச்சுக்கொண்டு போகட்டும்."

அதன்பிறகு அவர் கட்டிலில் படுத்ததில்லை. முன்கதவுக்கும் மகளின் அறைக்கும் நடுவில் பாய் விரித்தார். விடிய வேலைக்குப் புறப்படும் மனைவி அவரைக் கடந்துதான் போகவேண்டும். ஒவ்வொரு நாளும் திடுக்கிட்டு எழும்பி, இரண்டு கையையும் விரித்து அவளை மறிப்பார்.