எழுப்பிவிடுகிறவள்

எங்கள் காலை ரயிலில் ஒரு வழக்கம் உண்டு. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு பெங்களூருக்குப் போகும் அந்த வண்டியில் முக்கால்வாசிப் பேர் தூங்கிக்கொண்டேதான் வேலைக்குப் போகிறோம். வரிசைக்கு ஒருத்தர் மட்டும் விழித்திருந்து, அவரவர் இறங்கும் இடம் வந்ததும் தட்டி எழுப்ப வேண்டும். எனக்கு ரயிலில் தூக்கம் வராது. அதனால் எங்கள் வரிசையில் அந்தப் பொறுப்பு என்னுடையது.

எனக்கு எதிரில் ஆண்டர்சன்பேட்டை அக்கா. நான் கோரமண்டலில் ஏறுவதற்குள் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைத்திருப்பார். ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடியில் பெருக்கித் துடைக்கிற வேலை. ராத்திரியெல்லாம் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்குத் தூக்கம் என்று ஒன்று இருந்தால் அது இந்த ரயிலில்தான். பங்காருபேட்டை தாண்டியதும் சிலுவை போட்டுக்கொண்டு, எழுப்பிடும்மா என்பார். சொல்லி முடிப்பதற்குள் தலை சாய்ந்துவிடும்.

நான் கண்டோன்மெண்ட் பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீசில் பில் டைப் அடிக்கிறவள். ஆனால் என்னை யாராவது கேட்டால் படம் போடுகிறவள் என்று சொல்ல வேண்டும், அதுதான் ஆசை. முதலில் என்னையே வரைந்து பார்த்தேன். கண்ணாடி முன்னால் அதிக நேரம் உட்கார முடியவில்லை. வரைகிற முகமும் வரைந்த முகமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. தூங்குகிறவர்கள் சுலபம். அசைய மாட்டார்கள், கேட்க மாட்டார்கள். அக்காவைத்தான் அதிகம் வரைந்தேன். பிளந்த வாய், கடைவாயில் வழியும் எச்சில், நழுவின முந்தானை, எதையும் விடவில்லை. என்ன உண்மையான கோடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். வெட்கம் கெட்ட ஜென்மம்.

அதில் ஒன்றை இன்ஸ்டாகிராமில் போட்டேன். யார் யாரோ உயிர் இருக்கிறது என்று எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எவரோ அதை எடுத்து எங்கள் ரயில் பயணிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். வாய்க்குள் ரயிலே போகும் போலிருக்கிறதே என்று ஒருத்தர். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. அந்தக் குரூப்பில் அக்காவும் இருந்தார் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் உறைக்கவே இல்லை.

மறுநாளும் அக்கா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். சண்டை போடவில்லை. பங்காருபேட்டை தாண்டியது. சிலுவை போடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மாலூர் வந்தபோது தலை தொங்கியது. திடுக்கிட்டு நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டு என் கையைத்தான் பார்த்தார். என் கையில் ஒன்றுமில்லை.

அந்த வாரம் முழுக்க அப்படியே போனது. கண்ணெல்லாம் சிவந்து, இறங்கும்போது கம்பியைப் பிடித்துத் தடுமாறினார். அந்த மனுஷியின் ஒரே தூக்கத்தை நான் தின்றுவிட்டேன் என்று எனக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை எல்லாப் படங்களையும் கொண்டுபோய் அவர் மடியில் வைத்து, கிழித்துப் போடுங்கக்கா, இனிமேல் பென்சிலைத் தொட மாட்டேன் என்றேன்.

அவர் கிழிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு கேட்டார்.

"இத்தினி போட்டுகீறியே, முழிச்சினு கீறப்ப என்னை ஒருவாட்டியாவது போட்டியாம்மா?"

அவர் மடியிலிருந்த படங்களைப் பார்த்தேன், எல்லாவற்றிலும் கண் மூடியிருந்தது.

"இப்பப் போடு. இங்கதான கீறேன்."

பையைத் துழாவிப் பென்சிலை எடுத்தேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். கோபம்கூட இல்லை, வெறுமனே பார்த்தார். அக்காவின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருப்பதையே அன்றைக்குத்தான் கண்டேன். இத்தனை நாள் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தாளில் ஒரு கோடு விழவில்லை. திரும்பிப் பார்க்க முடியாதவர்களை மட்டுமே பார்க்கத் தெரிந்தவள் நான், அவ்வளவுதான் என் வித்தை. ஒயிட்ஃபீல்டு வந்தது. அவர் படங்களை அடுக்கி என் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமையிலிருந்து கடைசிப் பெட்டியில் ஏறுகிறேன். அங்கே யாரும் என்னை எழுப்பச் சொல்வதில்லை, நானும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. போன வாரம் எங்கள் பழைய வரிசையில் வரும் நர்ஸ் பெண் பிளாட்பாரத்தில் எதிர்ப்பட்டாள். இப்போது அவள்தான் எழுப்புகிறாளாம். அக்கா தூங்குகிறாரா என்று கேட்டேன்.

"நல்லாத் தூங்குறாங்க," என்றாள். "கோரமண்டல்ல வண்டி நின்னதும் நீங்க ஏறலையேன்னு ஒருவாட்டி எட்டிப் பாத்துக்குவாங்க. அப்புறம் சிலுவை போட்டுனு படுத்துடுவாங்க."