டேங்கின் கடைசி அளவு

டீசலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் என் கணவர். தோப்பும்படி துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சினைப் பழுதுபார்க்கும் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். நான் மட்டாஞ்சேரியிலிருந்து படகேறி எர்ணாகுளத்துக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். தொலைபேசிக் கம்பி வழியாக வீட்டுக்கு இணையம் வந்த புதிது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தி அனுப்பலாம் என்று திறந்து வைத்திருந்த ஒரு நிரல் தொகுப்பில் ஓய்வு நேரமெல்லாம் கழிந்தது. நீண்ட எண்வரிசைகளைக் கூட்ட, பெருக்க, சராசரி எடுக்க அதில் வழி உண்டு. அந்த எண்கள் எவ்வளவு வேகமாக மாறுகின்றன என்று பார்க்க, அதாவது வகைக்கெழு எடுக்க, வழி இல்லை. அதை எழுத நான் முன்வந்தேன்.

வேலை பெரிதல்ல. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் எடுத்து, வித்தியாசத்தை இடைவெளியால் வகுக்க வேண்டும். இடைவெளி எப்போதும் சமமாக இருக்காது, ஒவ்வொரு அளவும் எடுத்த நேரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வோம் என்று தொகுப்பைப் பராமரிப்பவருக்கு எழுதினேன். எங்கோ வெளிநாட்டில் இருந்தவர், முகம் பார்த்ததில்லை. சம இடைவெளி போதும், சிக்கலாக்க வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னபடியே எழுதினேன்.

அப்போதுதான் ஒரு படகு முதலாளி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். குளச்சல்காரர், இரண்டு படகு வைத்திருந்தார். அதில் ஒன்றின் எஞ்சினை என் கணவர் முழுசாகப் பிரித்துப் பூட்டிக் கொடுத்திருந்தார்.

“என்னவே, எஞ்சின் டீசலத் தண்ணி மாதிரில்லா குடிக்கு? மீன் ஏலம் போடுற எடத்துல நாலு பேர்ட்ட சொன்னா ஒம்ம கடைக்கு ஒருத்தன் வருவானா?”

வரமாட்டான். அது எங்கள் இருவருக்கும் தெரியும். துறைமுகத்தில் ஒரு மெக்கானிக்கின் பெயர் கெட்டால் கெட்டதுதான். படகை ஓட்டிப் பார்த்து, டேங்கில் அளவுகோல் விட்டு அளந்து, கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். மனிதர்களை நம்பாத முதலாளி கம்ப்யூட்டரை நம்பினார்.

இருவரும் படகில் போனார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணவர் அளக்க, முதலாளி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தோடு குறித்துக்கொண்டார். அன்று பின்னேரமே எங்கள் வீட்டில் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அளவுகளை உள்ளிட்டு, நான் எழுதியதை ஓட்டினேன். திரையில் டீசல் குடிக்கும் வேகத்தைக் காட்டும் கோடு அமைதியாகப் போய், நடுவில் செங்குத்தாக ஏறி இறங்கியது.

“பாத்தியா பிள்ளே? குடிச்சிருக்குல்லா!”

கணவர் முகத்தில் ஈயாடவில்லை. முதலாளியின் தாளை வாங்கிப் பார்த்தேன். காயல் கடலில் சேரும் அழிமுகத்தைத் தாண்டும்போது அலையில் டேங்க் மூடியைத் திறக்க முடியாமல் இருபது நிமிடம் அளக்காமல் விட்டிருந்தார்கள். இருபது நிமிடத்தில் குடித்ததை ஐந்து நிமிடத்தில் குடித்ததாக என் நிரல் கணக்குப் போட்டிருந்தது. எதற்காகச் சண்டை போட்டுத் தோற்றேனோ, அதே விஷயம். வெளிநாட்டுக்காரர் வேண்டாம் என்றதால் தூக்கிப் போட்டிருந்த வரிகளை மறுபடி எழுதி, நேரங்களையும் கொடுத்து ஓட்டினேன். அந்த ஏற்றம் காணாமல் போனது.

முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

“மொதல்ல ஒண்ணு காட்டுன. எனக்க கண்ணு முன்னாலயே மாத்திட்ட. புருசன் எஞ்சின், பொஞ்சாதி கணக்கு. நல்லாருக்கு பிள்ளே.”

“நேரம் நீங்க எழுதுனதுதானே?” என்று சீறினேன்.

“நேரம் எனக்குள்ளது. கணக்கு ஒனக்குள்ளது. படகு வியாழக்கெழம கெளம்பும். அதுக்குள்ள நம்புற மாதிரி ஏதாவது சொல்லு. இல்லன்னா நான் சொல்ல வேண்டியத சொல்லுவேன்.”

கண்ணால் கண்டதை அவர் சொன்னார், அவர் மேல் குற்றமில்லை. ஆனாலும் அழுகை வந்தது. அந்தக் கோபத்திலேயே, படகின் அளவுகளை உதாரணமாக வைத்து, திருத்திய நிரலை வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. நேரம் வேண்டும் என்பது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டிருந்தார். கூடவே இன்னொன்று: உள்ளே எத்தனை எண் போகிறதோ அத்தனை வெளியே வர வேண்டும், முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஓரத்து எண்ணுக்கு ஒரு பக்கம்தான் துணை, மறுபக்கம் யாருமில்லை. அதனால் விட்டிருந்தேன். இருக்கிற ஒரு பக்கத்தை வைத்தே கணக்கிடு என்கிறார். எழுதினேன். அதே படகு எண்களைக் கொடுத்து ஓட்டினேன்.

கோட்டின் கடைசிப் புள்ளி மேலே ஏறியிருந்தது.

கணவர் அடுக்களையில் சாயா போட்டுக்கொண்டிருந்தார். திரையை அணைத்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. முதலாளி பார்த்த கோட்டில் இந்தப் புள்ளி இல்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நிரலை நாளைக்கே ஊரெல்லாம் எடுத்துப் பயன்படுத்தும். என் வீட்டுக்கு மட்டும் ஓரத்தை வெட்டிவிட்டு ஓட்டுவதா? கூப்பிட்டேன்.

“இதப் பாருங்க. ஒரு அளவு மட்டும்தான். அலையில தப்பா அளந்திருப்பீங்க.”

டம்ளரோடு வந்து குனிந்து பார்த்தார்.

“படகு கட்டுற ஜெட்டிகிட்ட எடுத்தது இது. அங்க தண்ணி அசையவே இல்ல. எஞ்சினும் மெல்ல ஓடிட்டிருந்துச்சு, டீசல் குடிக்கிறது கொறையத்தானே வேணும்? ஏறியிருக்குன்னா எங்கயோ போவுது.” டம்ளரை மேஜையில் வைத்தார். “சாயா ஆறட்டும்.”

ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்தபோது கையெல்லாம் டீசல். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, எரித்தது போக மிஞ்சும் டீசல் டேங்குக்குத் திரும்பும் பைப்பின் இணைப்பு கசிந்திருக்கிறது. அவரே பூட்டிய இணைப்பு. புது வாஷர் கையில் இல்லாததால் பழையதையே போட்டிருந்தாராம். அதை மாற்றிவிட்டு, நேராக முதலாளியிடம் போய்ச் சொல்லியும்விட்டார்.

“சொல்லிட்டீங்களா?” என்று கத்தினேன். “நமக்கு அப்புறம் என்ன இருக்கு?”

அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

முதலாளி ஏலம் போடும் இடத்தில் சொல்லத்தான் செய்தார், பழைய வாஷர் கதையை ஒன்றுவிடாமல். அந்த வாரம் ஒர்க்‌ஷாப்புக்கு ஒருவரும் வரவில்லை. கணவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, துடைத்த ஸ்பேனர்களையே துடைத்துக்கொண்டிருந்தார். கடை என்ன ஆகுமோ என்ற பயத்தில் நான் வெளிநாட்டுக்காரருக்குப் பதில்கூட எழுதவில்லை.

அடுத்த வாரம் ஒரு படகு வந்து கட்டியது. முதலாளியின் இரண்டாவது படகு. மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்த நான் வாசலிலேயே நின்றேன்.

“அன்னைக்கு ஒங்களுக்குச் சாதகமா வந்த கணக்க நான் நம்பல பிள்ளே,” என்றார். “பாதகமா வந்ததயும் சொன்னீங்க பாரு.” பிறகு கணவரிடம் திரும்பி, “இந்த எஞ்சினயும் நீரே பிரிச்சுப் பூட்டும். வாஷர நான் வாங்கிட்டு வந்திருக்கேன்” என்று சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.