பெரியம்மா காட்டப் போன இடம்

தலவாக்கலை அலுவலகத்தின் நீள மேசையில் அந்த வரைபடத்தை விரித்த காலை நன்றாக நினைவிருக்கிறது. சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் தேநீர்க் கோப்பைகளை வைத்திருந்தோம். கைவிடப்பட்ட தேயிலை மலைகளில் மறுபடி காட்டு மரங்களை வளர்க்கும் திட்டம் அது. தோட்டத்து மக்களிடம் தமிழிலும் குழுவிடம் சிங்களத்திலும் பேசி இரு பக்கத்தையும் இணைப்பது என் வேலை. எங்கள் கன்றுகளும் ஆட்களும் ஓரிடத்துக்குத்தான் போதும். மூன்று இடங்கள் பேச்சில் இருந்தன: எல்லோர் கண்ணிலும் படும் பாதையோரச் சரிவு, இரண்டு காட்டுத் துண்டுகளுக்கு இடையே மானாப்புல் மண்டிய முகடு, பிறகு நான் பிறந்த தோட்டத்தின் ஓடைத் தலை. குழுத் தலைவி, தண்ணீர் பிறக்கும் இடத்தில்தான் தொடங்க வேண்டும், அது சரிந்தால் கீழே எதுவும் நிற்காது என்றார். சிவப்புப் பேனையால் அங்கே ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டத்துக்குள்தான் என் பெரியம்மாவின் மகளைப் புதைத்திருந்தார்கள்.

எனக்கு அக்கா முறை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில் காய்ச்சல் கண்டு இறந்தாள். விடாத மழைக்காலம் அது. வழக்கமாகப் புதைக்கும் மேட்டுக்கு ஏற முடியாமல் ஓடையோரத்திலேயே குழி வெட்டினார்களாம். தலைமாட்டில் ஒரு உருண்டைக் கல்லை வைத்து, பக்கத்தில் டேலியாக் கிழங்கு ஒன்றைப் பெரியம்மா ஊன்றினார். அதன் பிறகு அவருக்குப் பிள்ளை இல்லை. கொழுந்து எடுத்த நாட்களில் மாலையில் கூடையை இறக்கிவிட்டு அங்கே போய் வருவார். முழங்கால் வலி வந்தபின் ஏற முடியவில்லை. லயத்து வீட்டு வாசலில் நின்று அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடுவார்.

மக்களிடம் கேட்பதற்காகக் கோயில் முன்றலில் கூட்டம் போட்டோம். தோட்டத் தலைவர்தான் முதலில் பேசினார். "மழை பேஞ்சா ஓடைத் தண்ணி வர்ற பீலியில சேறுதாங்க வருது. துணி கட்டி வடிச்சுத்தான் குடிக்கிறோம். மொதல்ல அந்த எடத்துலயே நடுங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியம்மா மட்டும் எழுந்து நின்றார். அதிர்ந்து பேசிப் பழகாதவர்.

"எம் புள்ள தூங்குற எடத்துல அலவாங்கு போட்டுக் குழி தோண்டுவீங்களா?"

நான் சிங்களத்தில் சொன்னதும் குழுத் தலைவியின் முகம் மாறிவிட்டது. அந்த அம்மா இடத்தைக் காட்டட்டும், அதைச் சுற்றி ஒரு குழியும் வெட்ட மாட்டோம், தேவையானால் அந்தக் கரையையே விட்டுவிடுவோம் என்றார்.

மறுநாள் காலை என் தோளைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா மெல்ல ஏறினார். மடியில் கற்பூரமும் தீப்பெட்டியும் இருந்தன. குழுத் தலைவி பின்னால் வந்தார். மேலே போனதும் பெரியம்மா நின்றுவிட்டார். அவர் அறிந்திருந்த ஒடுங்கிய ஓடை அங்கே இல்லை. பல மழைக்காலங்களில் கரை சரிந்து சரிந்து, அகன்ற பள்ளமாகச் செம்மண் பிளந்து கிடந்தது. "இந்தா, இந்த மேட்டுலதான்" என்றார். கொஞ்சம் நடந்து, "இல்ல புள்ள, அங்கிட்டு" என்றார். சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இறங்கினார். ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்த்தார். டேலியா எங்கும் இல்லை. நான் கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை.

பிறகு நிமிர்ந்து என்னிடம் கேட்டார். "இந்த மண்ணெல்லாம் எங்க போயிருக்கும் புள்ள?"

எனக்குப் பதில் தெரியும். நான் சொல்லுமுன் அவர் கீழே லயத்தைப் பார்த்தார். தண்ணீர் போகும் வழியை அவர் கண்கள் தொடர்ந்துகொண்டே போயின.

"பீலிக்குத்தானே வந்திருக்கும்" என்றார்.

என்ன சொல்கிறார் என்று குழுத் தலைவி கேட்டார். என்னால் அதை இன்னொரு மொழியில் சொல்ல முடியவில்லை. கற்பூரத்தை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் பெரியம்மா அதை மடியிலேயே வைத்துக்கொண்டார். இறங்கும்போது ஒரே ஒரு முறைதான் பேசினார். "நடச் சொல்லு. கெட்டியா வேர் புடிக்கிற மரமா நடச் சொல்லு."

நட்டோம். மேல் மேட்டில் இருந்த பழைய புதைகுழிகளைத் தொடாமல் விட்டோம். இனி அந்தப் பக்கம் யாரையும் புதைப்பதில்லை, மண்ணைக் கிளறுவதில்லை என்று ஊர் கூடி முடிவெடுத்தது. பெரியம்மாவும் கை உயர்த்தினார். கன்றுகள் பிடித்துக்கொண்டன. இன்று அங்கே ஆள் உயரத்துக்கு மேல் மரங்கள் நிற்கின்றன. மழை நாளிலும் தண்ணீர் தெளிந்து வருகிறது. வேறு தோட்டங்களிலிருந்து பார்க்க வருகிறார்கள். இடத்தைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தோம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பெரியம்மா மட்டும் ஒரு நாளும் அதைப் பார்க்க வரவில்லை. வாசலில் நின்று கும்பிடுவதையும் நிறுத்திவிட்டார்.

சென்ற மழைக்காலத்தில் அவர் இறந்தார். பாடை கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா தலைவரிடம் போய் மெதுவாகக் கேட்டார். "அண்ணே, அக்காவ மேல ஓடைப் பக்கம் கொண்டு போக முடியாதுங்களா? மக இருந்த எடம்."

தலைவர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "அக்காவே கை தூக்கி ஒத்துக்கிட்ட பேச்சு தங்கச்சி. நான் என்னன்னு மாத்துறது?"

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. பாதை முடிவில் இருக்கும் புதிய மயானத்தில் பெரியம்மாவை வைத்தோம். அங்கிருந்து பார்த்தால் ஓடைப் பள்ளம் தெரியாது. நடுவில் ஒரு தேயிலை மலை நிற்கிறது.