குமிழி விட்ட விளக்கு

டெல்மா பாஸ்கோ தன் ஹெல்மெட்டைக் கழற்றி எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுத் தலைவரின் முகத்துக்கு நேராக விட்டெறிந்தபோது நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

வாற்கோதுமை அறுவடை நேரம். யாருடைய அறுவடை இயந்திரமோ சூடேறிப் பொறி விட்டதில் ஒரு வயல் முழுக்கப் பற்றிக்கொண்டது. நானும் டெல்மாவும் முதல் வண்டியின் பின்மேடையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நீட்டிய கை தெரியாத அளவுக்குப் புகை. அதற்குள்ளிருந்து எங்கள் இரண்டாவது வண்டி நேராக எங்கள்மேல் ஏற வந்தது. ஓட்டி வந்தவர் தலைவர் மெர்வின் ஆட்ஜர்ஸ். நான் கத்தினேன். டெல்மா கத்தவில்லை, எறிந்தாள். ஹெல்மெட் போய் முன்கண்ணாடியில் பட்டு விரிசல் விழுந்தது. வண்டி கிரீச்சிட்டு நின்றது.

மெர்வின் கதவைத் திறந்து குதித்தார். "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? கண்ணாடிய உடைச்சிட்டியேம்மா!"

"எங்க ரெண்டு பேரு எலும்பு உடையலல்ல, அதுக்கு சந்தோஷப்படு! கண்ண எங்க வச்சுக்கிட்டு வண்டி ஓட்டுற?"

"உங்க கூரை மேல லைட்டு எரிஞ்சிருந்தா நான் ஏன் ஏறி வரப்போறேன்? நீயே திரும்பிப் பாரு!"

திரும்பிப் பார்த்தோம். எங்கள் வண்டிக் கூரையின் குறுக்கே நீளமாகப் படுத்துக்கொண்டு சிவப்பும் நீலமுமாக மின்னவேண்டிய விளக்கு அணைந்து கிடந்தது.

டெல்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் ஊரான ஸ்டென்னர் முனையில் வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கிற ஒரே ஆள் அவள். டிராக்டர், படகு, பள்ளிப் பேருந்து எல்லாம் அவள் கொட்டகைக்குத்தான் வரும். அந்தப் பேருந்தை ஓட்டுகிறவன் அவள் கணவன் லைல். அவள் பேசும் அளவுக்கு அவன் பேசமாட்டான்; அதற்கு இடமும் கிடைக்காது. சமையல் அவளுக்குச் சுத்தமாக வராது. என் ரொட்டிக் கடையில் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி ஒன்றைச் சூடாக வாங்கி, ஒரு கையில் அதைக் கடித்துக்கொண்டே மறுகையால் ஒயர் பிடுங்குவாள். மனதில் பட்டதை உடனே சொல்லிவிடுவாள். அது தப்பாகப் போனால் அதையும் அதே சத்தத்தில் ஒப்புக்கொள்வாள். அதனால்தான் அவளோடு யாரும் நீண்ட நாள் சண்டையில் இருந்ததில்லை.

தீ அணைந்த மறுநாள் குழுவின் கொட்டகையில் அந்தச் செத்த விளக்கை மேசைமேல் போட்டுப் பிளந்தாள். உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தது. கடற்காற்றின் உப்பு ஏறி, ஈயத்தால் பற்றவைத்த இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது.

"யாருப்பா இத வாங்கினது?"

எல்லாரும் மெர்வினைப் பார்த்தோம். அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். "படத்துல நல்லா இருந்துச்சு" என்றார்.

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. எங்கள் தீபகற்பம் முழுக்க எல்லாக் குழு வண்டிகளுக்கும் விளக்கு மாற்றவேண்டிய வேளை அது. டெல்மாவே பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும் என்று எல்லா ஊர்க்காரர்களும் சொல்லிவிட்டார்கள்.

"சரி, செய்யறேன். ஆனா முடிவு சொல்றவரைக்கும் யாரும் வாயத் திறக்கக்கூடாது" என்றாள்.

"நாங்க திறக்கமாட்டோம்மா. நீ மூடி வச்சிருப்பியா?" என்றார் மெர்வின்.

அடிலெய்டு நகரத்திலிருந்து இரண்டு தயாரிப்பாளர்கள் மாதிரி விளக்குகள் அனுப்பினார்கள். ஒன்று கனத்த அலுமினிய உடம்பு, வெள்ளிப் பாத்திரம் மாதிரி மினுமினுப்பு. டெல்மா அதைக் கையில் வாங்கியதுமே மயங்கிவிட்டாள். "கனத்தப் பாருடீ ரோவி! இதுதான் பொருள்!" என்று என் கையில் வைத்தாள். மற்றொன்று பிளாஸ்டிக், மங்கிய சாம்பல் நிறம். தூக்கினால் எடையே இல்லை. "இது என்ன, மதிய சாப்பாட்டு டப்பாவா? இத சோதிக்கிறதே நேரத்துக்குப் பிடிச்ச கேடு" என்று ஒதுக்கி வைத்தாள். பிறகு, சொன்ன சொல்லுக்காக, அதையும் சேர்த்தே சோதித்தாள்.

இரண்டையும் தன் பிக்கப் வண்டிக் கூரையில் மாட்டிக்கொண்டு, கலங்கரை விளக்கத்துக்குப் போகும் மண்சாலையில் தினமும் போய்வந்தாள். அந்தச் சாலை துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக இருக்கும். பல்லைக் கடித்துக்கொள்ளாவிட்டால் நாக்கு போய்விடும். வந்ததும் விளக்குகளை வெயிலில் காயவைத்து, கசாப்புக் கடைக் குளிர் அறையில் ஆட்டுத் தொடைகளுக்கு நடுவே தொங்கவிட்டு, மறுபடி எடுத்து உப்புத்தண்ணீர் பீய்ச்சுவாள். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று விசாரிப்பார்கள்.

"எது ஜெயிக்குது டெல்மா?"

"இதுல கேள்வி வேறயா?" என்று அலுமினியத்தைத் தட்டுவாள்.

அடுத்த மாதம் ஒருநாள் காலை என் கடைக்குள் வந்தாள். பேஸ்டி வேண்டாம் என்றாள். நான் பயந்தே போய்விட்டேன்.

"வந்து பாரு" என்று இழுத்துப்போனாள். அலுமினிய விளக்கின் கண்ணாடிக்குள்ளே பனி படர்ந்திருந்தது. ஒரு மூலை எரியவே இல்லை. பிளாஸ்டிக் விளக்கு உள்ளே பொட்டு ஈரமில்லாமல் பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தது.

அலுமினியத்தைத் திறந்தாள். ஒயர் உள்ளே நுழைகிற துளையை ரப்பர் வளையம் போட்டு அடைக்காமல், ஒரு கட்டிப் பசையை அப்பிவிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் இடைவெளி. "சூடாகும்போது காத்து வெளிய போகுது. குளிரும்போது ஈரத்தோட உள்ள இழுக்குது. இவ்ளோ அழகா உடம்ப செஞ்சுட்டு, ஒரு ஓட்டைய அடைக்கத் தெரியலயே, பாவிங்களா!" காதலில் ஏமாந்தவள் மாதிரி இருந்தது அவள் குரல். அன்றே ஊர் முழுக்க, "நான்தான் முட்டாள், அந்த டப்பாவுக்கு மன்னிப்புக் கேக்கணும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆனால் ஒரு விளக்கை வைத்து முடிவெடுக்க அவள் தயாராக இல்லை. "மாதிரின்னா நல்லதாப் பாத்துத்தான் அனுப்புவாங்க. செய்யற இடத்தப் பாக்கணும். வா போலாம்" என்றாள். கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

அலுமினியக்காரர்களின் வாசலில் கம்பளம், நல்ல காபி, ஆள் உயரத்துக்குப் படங்கள். எங்களைச் சுற்றிக் காட்டியவர் மரியாதையான மனிதர். குறை சொல்ல முடியாது. தொழிற்சாலையும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். டெல்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவள், கடைசியில் கேட்டாள்: "கழிச்ச உருப்படியெல்லாம் எங்க போடுவீங்க?"

அவர் பெருமையாக ஒரு காலித் தொட்டியைக் காட்டினார். "எங்ககிட்ட கழிவே கிடையாதுங்க."

வெளியே வந்ததும் டெல்மா என் தோளில் இடித்தாள். "என் கொட்டகையிலயே வாரத்துக்கு ஒரு வாளி கழியுது. இங்க ஒண்ணுமே கழியலன்னா, அப்ப கழிய வேண்டியதெல்லாம் எங்கடீ போகுது?"

"எங்க?"

"நம்ம வண்டிக் கூரை மேல!"

பிளாஸ்டிக் விளக்கு செய்கிற இடம் துறைமுகத்துப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் தக்காளிச் செடிகள். நடத்துகிறவள் நெவென்கா யூரிச் என்ற குரோஷியக்காரி. எங்களைவிட நாலைந்து வயது பெரியவள், இடுப்பில் ஈரத் துணி, தலையில் மூக்குக் கண்ணாடி. கழித்த உருப்படி எங்கே என்று டெல்மா வாய் திறக்கும் முன்பே அது தெரிந்தது: ததும்பி வழிகிற தொட்டி. ஒவ்வொன்றிலும் கோளாறு இருக்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டிருந்தார்கள்.

நடுவில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. விளக்குக்குள் லேசாகக் காற்றை ஏற்றி அதில் முக்குவார்கள். எங்கேயாவது கசிவு இருந்தால் குமிழி வரும். "ஒண்ணு விடாம முக்கித்தான் அனுப்புறோம்" என்றாள் நெவென்கா.

"நான் ஒண்ணு எடுத்துக்கலாமா? பெட்டியில கட்டி வச்சதுல?"

"எது வேணா எடுங்க."

டெல்மா கைக்கு எட்டின பெட்டியை விட்டுவிட்டு, அடுக்கில் அடியிலிருந்து ஒன்றை உருவினாள். பிரித்தாள். முக்கினாள். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம்.

ஓரத்திலிருந்து ஒரு குமிழி கிளம்பி மேலே வந்தது. பிறகு வரிசையாக.

எனக்கே சங்கடமாகிவிட்டது. நெவென்கா முகம் சிவந்தது. அவள் ஒரு சாக்குச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினாள். கொட்டகை முழுவதும் இயந்திரங்கள் நின்றன. விளக்கைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். ஒவ்வொருவரும் தாங்கள் செய்த விளக்கில் தங்கள் நிறத்தில் ஒரு பொட்டு வைப்பார்களாம். இதில் நீலப் பொட்டு.

"ஆன்ட்டே!" என்று ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், கூரைத் தகரம் அதிர்ந்தது. கடைசி மேசையிலிருந்து ஒரு பெரிய உடம்பு மெல்ல எழுந்து வந்தது. அவள் புருஷன்.

கொஞ்ச நேரம் அவர்கள் பாஷையில் நடந்தது. எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது. பிறகு ஆன்ட்டே எங்கள் பக்கம் திரும்பினார். "காலைல தொட்டியக் கழுவிக்கிட்டிருந்தாங்கம்மா. அப்புறம் முக்கிக்கலாம்னு என்னோடத ஓரமா வச்சேன். மத்தியானம் சாப்பிட்டு வந்தா, பெட்டியில கட்டியிருந்துச்சு. முக்கியாச்சுன்னே நெனச்சுட்டேன். என் தப்புதான்."

"சாப்பாட்டுல மட்டும் எதுவும் மறக்காது இவருக்கு" என்றாள் நெவென்கா.

அதற்குப் பிறகு எங்களை யாரும் கவனிக்கவில்லை. அன்று கட்டின பெட்டி அத்தனையையும் பிரித்து நீலப் பொட்டுகளைத் தனியே எடுத்தார்கள். இரண்டு விளக்குகள் அதற்குள் ஓர் ஆம்புலன்ஸ் நிலையத்துக்குப் போயிருந்தன. நெவென்கா தொலைபேசியில், "அத மாட்டாதீங்க, எங்க ஆளு இப்பவே வர்றாரு" என்றாள். ஆன்ட்டே ஏற்கெனவே வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் போனதும், கழுவுகிற நேரத்துக்கென்று இன்னொரு சின்னத் தொட்டி வைக்க எங்கே இடம் என்று நெவென்கா காலடியால் தரையை அளந்தாள். டெல்மா அவள் அளந்த இடத்தின் மறுமுனையில் போய் நின்று, "இங்க வச்சா ஒயர் குறுக்க வரும், அந்தப் பக்கம் தள்ளு" என்றாள்.

"நீ சொல்றதும் சரிதான்" என்றாள் நெவென்கா. இருவரும் "நீங்க"வை எப்போது விட்டார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

ஊர் திரும்பி டெல்மா முடிவைச் சொன்னபோது கொட்டகையில் பெரும் கூச்சல்.

"முக்கினதும் குமிழி விட்டுச்சுன்னு நீயே சொல்ற. அதையா எங்க வண்டியில மாட்டணும்?" என்றார் மெர்வின்.

"ஆமா."

"ஏம்மா, வெயில்ல ரொம்ப நின்னுட்டியா?"

"கேளுப்பா. தப்பு எல்லா எடத்துலயும் நடக்கும். அந்தம்மா எடத்துல நடந்தா தொட்டியில தெரிஞ்சுடும். மத்த எடத்துல நடந்தா நீயும் நானும் புகைக்குள்ள நின்னுதான் தெரிஞ்சுக்கணும். எது வேணும் சொல்லு."

மெர்வின் உடனே மசியவில்லை. எங்கள் விளக்குகள் தயாரான நாளில் தானே அடிலெய்டு போய், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, எங்கள் வண்டிகளுக்கானவை ஒவ்வொன்றையும் தன் கையாலேயே முக்கிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. தோள்வரை நனைந்து, கையில் நெவென்கா கொடுத்த ஒரு ஜாடி மிளகாய் ஊறுகாயோடு திரும்பினார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், அந்தத் தயாரிப்பாளரைக் கண்டுபிடித்ததே தான் என்பதுபோல் பேச ஆரம்பித்தார். டெல்மா அதைத் திருத்தவில்லை. "சந்தோஷமா இருக்கட்டும் விடுடீ" என்றாள்.

அடுத்த கோடையிலும் தீ வந்தது. வராமல் எங்கே போகும்? எங்கள் வண்டியின் வெளிச்சம் புகைக்குள் நன்றாகத் தெரிந்தது என்றார்கள் பின்னால் வந்தவர்கள். அலுமினியக்காரருக்கு அந்தத் துளையைப் படம் பிடித்து அனுப்பினாள் டெல்மா. அவர் சண்டைக்கு வரவில்லை. இப்போது ரப்பர் வளையம் போடுகிறார்களாம். இன்னொரு மாதிரி அனுப்பியிருக்கிறார்; அது குளிர் அறையில் தொங்குகிறது. கசாப்புக்காரர் புலம்பிக்கொண்டே இருக்கிறார்.

ஈஸ்டர் விடுமுறைக்கு நெவென்காவும் ஆன்ட்டேவும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். லைல் அவர்களைக் கடல் வற்றிய நேரத்தில் நண்டு வாரக் கூட்டிப்போனான். முழங்கால் தண்ணீரில் ஆன்ட்டே குழந்தை மாதிரி குதித்தார். கரைக்கு வந்ததும் நண்டை எப்படிச் சமைப்பது என்று இரு பெண்களுக்கும் வாக்குவாதம். கடல்நீரில் வேகவைத்தால் போதும் என்றாள், சமைக்கவே தெரியாத டெல்மா. பூண்டும் தக்காளியும் வெள்ளை ஒயினும் போடாவிட்டால் அது சாப்பாடே இல்லை என்றாள் நெவென்கா. கடைசியில் இரண்டு சட்டி வைத்தோம். மெர்வின் இரண்டிலும் சாப்பிட்டுவிட்டு, எது நன்றாக இருந்தது என்று கேட்டவர்களிடம், இன்னொரு தட்டு போட்டால்தான் சொல்லமுடியும் என்றார்.