மணலில் ஒரு பரிசல் துறை

எங்கள் ஆறு ஐப்பசி, கார்த்திகையில்தான் கண்ணுக்குத் தெரியும். மற்ற மாதங்களில் மணலுக்கு அடியில் ஓடும். கரையோரக் கிணறுகளுக்கெல்லாம் அதுதான் ஊற்று. எங்கள் வாழைத் தோட்டத்துக் கிணறும் அதை நம்பித்தான் இருந்தது. இது எங்களுக்குத் தெரியும், சர்க்காருக்குத் தெரியாது.

முப்பதுகளின் நடுவில் பட்டணத்துக் கம்பெனி ஒன்று, எங்கள் படுகையில் இயந்திரம் இறக்கி, மணலையும் சரளையையும் மூன்று ஆள் ஆழத்துக்கு வாரிக்கொள்ள அனுமதி கேட்டது. ‘அங்கே ஆறு கிடையாது, வெறும் மணல் தரிசு’ என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்கள். நேரில் பார்த்து எழுதும்படி தாசில்தாருக்கு உத்தரவு. அவர் நாள் குறித்ததோ சித்திரையில்!

இண்டர்மீடியட் தேறிவிட்டு ஊரில் சும்மா இருந்த எனக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா? பதினோரு மனு எழுதினேன். அப்பா எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“உன்ற இங்கிலீசு நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா வாரவரு மணலைப் பாப்பாரா, உன்ற மனுவைப் பாப்பாரா?”

யோசித்தேன். பரிசல் நிற்கும் இடத்தை ஆறில்லை என்று எந்த அதிகாரியால் சொல்ல முடியும்? வெள்ளக் காலத்தில் நாங்கள் வாழைமரங்களைச் சேர்த்துக் கட்டித்தான் அக்கரை போவோம். பரிசல் எங்கள் ஊரில் ஒருபோதும் இருந்ததில்லை. அதனாலென்ன? மறுநாளே பரமத்தி வேலூருக்குப் போய், காவேரியில் பரிசல் ஓட்டும் ஒருவரைப் பிடித்தேன்.

“தண்ணி எத்தனை ஆழமுங்க?” என்றார்.

“தண்ணி இல்லீங்க.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப நான் என்ன பண்ணோணும்?”

“பரிசல்ல உக்காந்திருக்கோணும். கேட்டா, இது துறைன்னு சொல்லோணும்.”

“முழுகிப் போற பயமில்லாத வேலை இப்பத்தான் மொத மொதல்ல வருது. வாரேனுங்க.”

பரிசலை வண்டியில் கவிழ்த்துப் போட்டு வந்தோம். வழிநெடுக ஒரே கேள்வி: “ஏனுங்க, யாரு ஊட்டுக் கூரைங்க அது?”

தாசில்தார் உச்சிவெயிலில் வந்து சேர்ந்தார். கூடவே குடையோடு கம்பெனி ஏஜெண்டு. “நடந்தே ஆத்துக்கு நடுவில வந்துட்டோம் சார். இதை ஆறுன்னா, என் குடையைக் கப்பல்னு சொல்லலாம்” என்று ஏஜெண்டு சிரித்தார்.

தாசில்தார் பரிசலைப் பார்த்துவிட்டார். “யாரப்பா நீ?”

“துறைக்காரனுங்க.”

“இங்கே ஏன் உட்கார்ந்திருக்கே? ஜனங்க நடந்து போக மாட்டாங்களா?”

“இப்ப நடப்பாங்க. ஐப்பசில நடக்கச் சொல்லிப் பாருங்க எசமான்.”

அதற்குமேல் விசாரிக்க வெயில் விடவில்லை. மணலின் சூடு பூட்சைத் தாண்டி ஏறவே, தாசில்தார் ஒரு காலில் நின்று மறுகாலை ஆற்றினார். பரிசல்காரர் பரிசலைத் தூக்கிக் கோலால் முட்டுக்கொடுத்து நிழல் செய்தார். நாங்கள் நால்வரும் அதனடியில் குந்தினோம். நான் மனுக்களை நீட்டினேன். தாசில்தார் வாங்கி விசிறிக்கொண்டார்.

“குடிக்க ஏதாவது கிடைக்குமா?”

பரிசல்காரர் கையாலேயே மணலைப் பறித்தார். முழங்கை ஆழத்தில் ஈரம். இன்னும் கொஞ்சம் பறித்ததும் தண்ணீர் ஊறித் தெளிந்தது. தாசில்தார் தேங்காய்த் தொட்டியில் மூன்று முறை மொண்டு குடித்தார். ஏஜெண்டும் குடித்தார்.

“இது எங்கேயிருந்து வருது?” என்றார் தாசில்தார்.

“அது சும்மா மணலோட ஈரம் சார்” என்றார் ஏஜெண்டு.

“ஈரத்தையா ஐயா இவ்வளவு நேரம் குடிச்சீர்?”

இதுதான் எங்கள் கிணறுகளுக்குப் போகும் தண்ணீர், மணலை வாரினால் எல்லாம் வற்றிப்போகும் என்று மளமளவென்று ஒப்பித்தேன். தாசில்தார் தலையாட்டிக்கொண்டே இன்னொரு தொட்டி மொண்டார்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. ஊற்றைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை! ‘பரிசல் துறை நடப்பில் உள்ளது. துறையுள்ள படுகையில் தோண்ட அனுமதியில்லை. இத்துறைக்கு உரிமம் இல்லாததால் உடனே ஒருவர் பொறுப்பேற்று, வருஷம் முழுவதும் பரிசல் நிறுத்தவேண்டும். துறை நின்றுபோனால் கம்பெனியின் விண்ணப்பம் மறுபடி எடுத்துக்கொள்ளப்படும்.’

பரிசலை எங்களிடமே விட்டுவிட்டு வேலூர்க்காரர் நழுவிவிட்டார். ஊரே என்னைப் பார்த்தது.

“ஏனுங்க துறைக்காரரே, கையெழுத்துப் போடுங்க” என்றார் அப்பா.

பி.ஏ. படிக்கப் பட்டணம் போகவேண்டியவன் மணலில் பரிசல் போட்டு உட்கார்ந்தேன். புல்லுக்கட்டோடு வருகிறவர்கள், “சித்தெ நகத்துங்க, வழியில இருக்குது” என்பார்கள்.

ஆனி மாதம் துறையைச் சோதிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். பரிசலில் ஏறி உட்கார்ந்து, “அக்கரைக்கு விடு” என்றார். பயணியை அக்கரை சேர்த்தால்தான் துறை நடப்பதாக எழுத முடியுமாம். தோட்டத்துக் கிணற்றில் கவலை இழுத்து நீர் இறைத்துக்கொண்டிருந்த எருதுகளை அப்பா அவிழ்த்து வந்து பரிசலில் பூட்டினார். இன்ஸ்பெக்டர் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்ள, மணலைக் கீறிக்கொண்டு பரிசல் போயிற்று. நான் கோலோடு பக்கத்தில் ஓடினேன். அக்கரையில் இறங்கி மணலைத் தட்டிவிட்டு, ‘துறை நடக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

எருதுகள் கிணற்றுக்குத் திரும்பின. வாழையில் பாதிக்கு இன்னும் தண்ணீர் பாய்ச்சவேண்டியிருந்தது.