நாற்பத்திரண்டில் கொழும்பில் இருந்தவர்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள். பத்திரிகையில் எழுதுகிறவன் கூட இருந்தால் சபைக்கு ஒரு கௌரவம் என்று என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டார் சுடலைமுத்து அண்ணாச்சி. மில்லர்புரத்தில் வீடு, பஜாரில் கருப்பட்டிக் கடை. அதிர்ந்து பேசாத மனுஷர். பெண், அவருடைய ஒரே மகள் முத்துக்கனி. மாப்பிள்ளை கஸ்டம்ஸ் ஆபீஸில் கிளார்க். அவருடைய அப்பா உடன்குடியில் பெரிய வியாபாரி.

பெண் எந்த வருஷம் பிறந்தாள் என்று பேச்சு ஆரம்பித்தது.

கொல்லம் அஞ்சாம் ஆண்டு என்றார் பெண்ணின் அம்மா. சுக்கில வருஷம் என்று திருத்தினார் கூட வந்திருந்த ஜோசியர். மாப்பிள்ளை மனசுக்குள் கணக்குப் போட்டு, ‘நைன்டீன் ட்வென்டி நைன்’ என்று முணுமுணுத்தார். ஒரே பெண் மூன்று தடவை பிறந்த மாதிரி இருந்தது எனக்கு!

நம் ஊரில் இது புதிதா என்ன? பனங்காட்டுப் பக்கத்தார் கொல்லம் ஆண்டில் ஆயிரத்து நூற்றை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்வார்கள். மணப்பாட்டுக்காரர் மாதா கோவிலில் கல்யாண ஓலை வாசிப்பது போல ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஆரம்பித்து முழுசாகச் சொல்வார். ஹார்பரில் எல்லாமே இங்கிலீஷ்தான்.

ஆனால் ஒரு வருஷத்தை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறோம். நாற்பத்திரண்டு! முன்னே பின்னே எதுவும் வேண்டாம். வெள்ளைக்காரனை ‘வெளியே போ’ என்று சொன்ன வருஷம் என்பது குழந்தைக்கும் தெரியும்.

சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. இப்போது யாரைக் கேட்டாலும், ‘நாப்பத்தி ரெண்டுல நானும்...’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அத்தனை பேரும் அன்றைக்குத் தெருவில் நின்றிருந்தால், வெள்ளைக்காரன் அந்த வாரமே கப்பல் ஏறியிருப்பானே...

உடன்குடிக்காரரும் ஆரம்பித்தார். ஊர்வலம், கொடி, போலீஸ் தடியடி என்று காப்பி ஆறும் வரை பேசினார். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

“நீரு அந்த நாப்பத்தி ரெண்டுல கொழும்புல சொகமா யாவாரம் பாத்துட்டு இருந்தீரு. இங்கன நாங்க பட்ட பாடு ஒமக்கு எப்படித் தெரியும்?”

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

கொழும்பாவது, வியாபாரமாவது! மறியலில் நின்று, அடிபட்டு, ஜெயிலில் கிடந்தவர் அவர். ‘பதினெட்டாம் ஆண்டுல அவிய கொழும்புக்குப் போயிருந்தாவ’ என்பது அவர் மனைவி கட்டிய கதை. அதே வருஷம்தான், கொல்லத்தில் சொன்னால் பதினெட்டு. ஜெயில் என்று தெரிந்தால் யார் சரக்குக் கொடுப்பார்கள்? யார் கடைப்படி ஏறுவார்கள்? கொழும்பைச் சொல்லித்தான் அந்த அம்மாள் கடையைக் காப்பாற்றினார். இப்போது தரகரிடமும் அதையே சொல்லியிருந்தார். ஜெயிலுக்குப் போனவர் மகளை சர்க்கார் உத்தியோகஸ்தன் கட்டுவானா என்ற பயம். சர்க்கார் மாறிவிட்டது, பயம் மாறவில்லை.

வாயைத் திறந்தால் மனைவி பொய்க்காரி ஆவாள், மகள் கல்யாணமும் நிற்கும். அண்ணாச்சி வேறு என்ன செய்வார்?

காலி டம்ளர்களை எடுக்க வந்த முத்துக்கனி தட்டைக் கீழே வைத்தாள்.

“எங்கப்பா நாப்பத்தி ரெண்டுல கொழும்புல இல்ல மாமா. ஜெயில்ல இருந்தாவ. கடைய எங்கம்மாதான் நடத்துனா.”

பெண் பார்க்கும் இடத்தில் பெண் பேசலாமா? ஜோசியர் பஞ்சாங்கத்தை மூடிவிட்டார். அந்த அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்தம் முறிந்தது என்றே நானும் நினைத்தேன்.

அந்த வருஷக் கணக்குக்குப் பிறகு வாயே திறக்காத மாப்பிள்ளை சிரித்தார்.

“நாப்பத்தி ரெண்டுல நாம கதவ அடச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளதானப்பா இருந்தோம்.”

அப்போதுதான் முத்துக்கனி அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். ஜாதகம் கிடக்கட்டும், இதைவிடப் பொருத்தம் வேறு உண்டா? ஐப்பசியில் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது.

எனக்குத் தாங்க முடியாத பெருமை. ஜெயிலுக்குப் போன அண்ணாச்சியை நினைத்து மட்டுமல்ல. பயத்தை மடியில் கட்டிக்கொண்டு தினமும் கடை திறந்த அந்த அம்மாளும் நாற்பத்திரண்டுக்காரிதானே?

மறுநாள் காலை குழாயடியில் அவர் குரல் என் வீடு வரை கேட்டது.

“எங்க வீட்டுக்காரவிய நாப்பத்தி ரெண்டுல ஜெயிலுக்குப் போனாவ!”

பதினெட்டாம் ஆண்டு என்ற பேச்சே இல்லை. ஆனால் அது ஒன்றும் வீணாகப் போய்விடவில்லை... முந்தின நாள் புறப்பட்டு வில்வண்டியில் ஏறும்போது உடன்குடிக்காரர் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பதினெட்டாம் ஆண்டுல நானும்...” என்று தணிந்த குரலில் ஆரம்பித்ததை என் காதாலேயே கேட்டேன்.