வினாகிரி விட்டுச் சாப்பிட்ட மேபிள்

நேற்று இங்கே ஜெர்மனியில், வுப்பர்டால் ஸ்டேஷனுக்கு முன்னால் யாரோ ஒரு பெடியன் பொரித்த உருளைக்கிழங்கின்மேல் வினாகிரி ஊற்றினான். அந்தப் புளிப்பு வாசம் சூட்டோடு எழும்பி மூக்கில் ஏற, கடைக்காரி முகத்தைச் சுளித்தாள். எனக்கு மேபிள் ஞாபகம் வந்தது. மேபிளை நான் ஒருநாளும் கண்டதில்லை. அவள் தலைமாட்டில் புல் பிடுங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் எனக்கு மலைமேல் ஒரு சவக்காலையில் தோட்டவேலை கிடைத்தது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு நல்ல வேலை. அங்கே கேள்வி கேட்பார் இல்லை. ஆனால் இந்த நாட்டு வழக்கம் ஒன்று என்னைப் போட்டு உலுப்பியது. இங்கே புதைகுழியும் இத்தனை வருடம் என்று தவணைக்குத்தான். தவணை முடிந்தால், உறவினர் அலுவலகத்துக்கு வரவும் என்று கல்லில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒருவரும் வராவிட்டால் கல்லைப் பிடுங்கிவிட்டுப் புல் விதைப்போம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான், சும்மா இருப்பேனா?

"செத்தாப் பிறகும் விசா புதுப்பிக்க வேணுமோ?" என்று மனைவியிடம் புலம்பினேன்.

"முதல்ல இருக்கிற விசாவைப் பாருங்கோ" என்றாள்.

ஓர் இலையுதிர்காலத்தில் மேபிளின் கல்லிலும் ஸ்டிக்கர் ஏறியது. ஜெர்மன் கணவனும் அவளும் ஒரே குழிக்குள். அவள் பிறந்த வீட்டுப் பெயரும் ஓர் இங்கிலாந்து ஊர்ப் பெயரும் கல்லில் இருந்தன. வசந்தத்தில் அந்த வரிசையைப் பிடுங்கப் போவது நான்தான். இவளுக்கென்று எங்கேயோ ஒரு சொந்தம் இருந்து, அது தெரியாமலே பிடுங்கிவிட்டால்? வாசலில் பூ விற்ற அம்மாவைக் கேட்டேன். இரண்டாம் உலகச் சண்டை முடிந்து, தன் ஊர்ப் பண்ணையில் வேலை செய்த ஜெர்மன் கைதியைக் கட்டிக்கொண்டு வந்தவளாம். பள்ளிக்கூடத்தில் நிலம் துடைத்தாளாம். பிள்ளை இல்லை. தன் ஊர் வழக்கப்படி கிழங்குப் பொரியலுக்கு வினாகிரி விடுவாள், தெருவே சிரிக்குமாம்.

எங்கள் தமிழ் ஆட்களுக்கு இது போதுமா? எந்த ஊர், ஆரின்ர மோள் என்று தெரியாமல் ஒருவரையும் விடமாட்டோமே. அந்த நாளில் இங்கிலாந்தில் பெற்றோல் செட் என்றால் கல்லாவில் எங்கடை ஆள்தான்; மேபிளின் கல்லில் இருந்த ஊரில் என் மச்சானே நின்றான். போன் எடுத்தேன்.

"டேய், உன்ர பூட்டன்ர பேர் தெரியுமோ உனக்கு? வெள்ளைக்காரிக்குப் பரம்பரை தேடுறாய்!"

"பெற்றோல் அடிக்க வாற கிழடுகளைக் கேளன் மச்சான்."

"கேட்டா என்னை விசரன் எண்டுவாங்கள்."

"அது அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நீ கேள்."

பனி கொட்டியது. மச்சானிடமிருந்து சத்தமில்லை. நிலம் இறுகிக் கிடக்கும் வரைக்கும் கல்லைப் பிடுங்க ஏலாது என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல். பனி கரையத் தொடங்கிய பிறகு ஒருநாள் போன் வந்தது.

"ஆள் பிடிபட்டிட்டுது! தச்சன்ர மூத்த மோளாம். பேப்பர் வாங்க வந்த கிழவன் சொன்னவன். அவளின்ர தம்பியாரின்ர மோள் ஒராள் இப்பவும் இங்கதான் இருக்கிறா."

அந்த மருமகள் ஜீன் தலை நரைத்தவள். ரயில் ஏறி வந்து கல்லுக்கு முன்னால் நின்றாள். ஜெர்மன்காரனைக் கட்டியதால் மாமியின் பெயரைக்கூட அப்பா வீட்டில் எடுக்க விடவில்லையாம்.

"அவன் இவளை நல்லா வைச்சிருந்தானா?" என்று என்னைப் போய்க் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? இரண்டு பெயர்களையும் காட்டி, "இன்னும் ஒண்டாத்தான் இருக்கினம்" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலிஷில். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அலுவலகத்தில் காசு கட்டித் தவணையை நீட்டித்தாள். ஸ்டேஷனில் கிழங்கு வாங்கிக் கொடுத்தேன். வினாகிரி இருக்கிறதா என்று கேட்டாள்.

அந்தத் தவணையும் முடிந்துபோனது. ஸ்டிக்கர் மறுபடியும் ஏற, மச்சானுக்குப் போன் எடுத்தேன். ஜீனும் செத்துப்போய்விட்டாளாம். அவன் நின்ற பெற்றோல் செட்டில் இப்போது கல்லாவே இல்லை. வங்கி அட்டையைச் செருகி அவரவரே காசைக் கட்டிவிட்டுப் போகிறார்களாம்.

"ஆரிட்டையடா போய்க் கேக்கிறது?" என்றான்.

கல்லை நான்தான் பிடுங்கினேன். விதைத்த புல் நன்றாக வந்திருக்கிறது. அதில் மேபிளின் இடம் எது என்று இப்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை.